சதங்கையைக் கழற்ற வேண்டுமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாயார் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. விடயம் இதுதான். மகளுக்கு 17 வயது. ஆறு வயதில் யாழ்ப்பாணத்தில் பரதநாட்டியம் பழகத் தொடங்கியவள், இங்கே வந்த பிறகும் விடாமல் பழகுகிறாள். வரும் கோடையில் அரங்கேற்றம். பாடசாலையில் படம் கீறுவதிலும் கணினியில் போஸ்ரர் செய்வதிலும் கெட்டிக்காரி. "நான் கிராபிக் டிசைன் படிக்கப் போறன், விளம்பரக் கொம்பனியில வேலை செய்வன், நடனத்தையும் விடமாட்டன்" என்கிறாளாம். தகப்பனாருக்கு இரண்டிலுமே நம்பிக்கை இல்லை. "அரங்கேற்றத்தோட சதங்கையைக் கழட்டி வை. கணக்கியல் படி, இல்லாட்டி தாதிக்குப் படி" என்று சொல்லிவிட்டார். அவர் பகலில் ஒரு தொழிற்சாலையிலும் இரவில் கட்டடம் துப்புரவு செய்யும் வேலையிலும் நிற்பவர். வீட்டில் இரண்டு கிழமையாக இருவருக்கும் பேச்சில்லை. "நான் யாருடைய பக்கம் நிற்பது?" என்று கேட்கிறார் தாயார்.

சகோதரி, இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. சென்ற ஒரு வருடத்துக்குள் இதே கேள்வியை என்னிடம் நேரில் கேட்டவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தகப்பனாரின் பக்கம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பரதநாட்டியம் ஆடி, அந்த ஆட்டத்தால் மாத்திரம் வீட்டு வாடகை கட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். இந்தியாவிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். பெயர்பெற்ற நடனக் கலைஞர்கள் பலருக்கும் வருமானம் வகுப்பிலிருந்தே வருகிறது. கனடா கலைச் சபை 1957 இலும் ஒன்ராறியோ கலைச் சபை 1963 இலும் தொடங்கப்பட்டவை. இவை கலைஞர்களுக்கு மானியம் கொடுக்கின்றன. ஆனால் மானியம் ஒரு தயாரிப்புக்குக் கிடைக்கும். மாதச் சம்பளமாகக் கிடைக்காது. ஆகவே "நடனத்தோடு வேறு தொழில் வேண்டும்" என்று பிள்ளை சொல்லுவதே அவளுக்கு நிதானம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். தகப்பனார் இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் நடனத்தை மட்டும் நம்பிப் போகிறேன் என்று சொல்லவில்லையே.

இனி அந்த வேறு தொழில். கிராபிக் டிசைன் என்றால் படம் கீறுவது என்றுதான் எம்மவரில் அநேகர் எண்ணுகிறோம். படம் கீறத் தெரியாமலே நல்ல டிசைனராக இருப்பவர்கள் உண்டு. பால் பெட்டியில் உள்ள எழுத்து, பஸ் தரிப்பிடத்து விளம்பரம், வங்கி அனுப்பும் துண்டுப் பிரசுரம், வைத்தியசாலையில் எந்தப் பக்கம் போவது என்று காட்டும் பலகை, கைத்தொலைபேசியில் நாம் அழுத்தும் பொத்தான், இந்தச் சஞ்சிகையின் அட்டை, எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தியிருக்கிறார். எது முதலில் கண்ணில் படவேண்டும், எது பிறகு, எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதுதான் அந்த வேலை. சந்தைப்படுத்தல் அதற்கு அடுத்த வீடு. யாருக்குச் சொல்லப்போகிறோம், எங்கே, எப்போது, எவ்வளவு செலவில் சொல்லப்போகிறோம் என்பது அது. இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்கு ஒன்றை மட்டும் படித்தவரைவிட வேலை வாய்ப்பு அதிகம்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. கணக்காளர், தாதி போன்ற தொழில்களில் உள்ள பாதுகாப்பும் இதில் குறைவு. 2022 இலிருந்து, சொன்னவுடன் படம் செய்து கொடுக்கும் கணினி நிரல்கள் வந்துவிட்டன. முன்பு புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் சில்லறை வேலைகளை இப்போது அவை விழுங்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அந்த நிரலிடம் பரதநாட்டியப் படம் கேட்டுப் பாருங்கள். கை முத்திரையில் விரல்களைக் குழப்பித் தரக்கூடும். தமிழில் தலைப்பு எழுதச் சொன்னால் சில வேளை எழுத்தைப் போன்ற ஏதோ ஒன்றைக் கீறி வைக்கும். எது சரி, எது பிழை என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. அந்த மனிதர் நடனமும் தமிழும் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

நடனம் தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தொழில் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். அரைமண்டியில் நிற்கும் ஒரு பிள்ளையைப் பாருங்கள். விரித்த முழங்கால்கள், நீட்டிய கைகள், இடுப்பு எல்லாம் முக்கோணங்களாக இருக்கும். ஒரு முழங்கால் சற்று உள்ளே வந்தாலும் ஆசிரியையின் தட்டுக்கழி தரையில் விழும். பதினொரு வருடம் இப்படித் திருத்தப்பட்ட கண்ணுக்கு ஒரு பக்கத்தில் எந்தப் பெட்டி சாய்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் கோர்வையைப் பொருத்துகிறவளுக்கு, டிசைனர்கள் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்வது புதிதாக இராது.

கச்சேரியின் ஒழுங்கையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நால்வர் ஒழுங்கு செய்த முறையில் அலாரிப்பு சின்னதாக, சாகித்தியம் இல்லாமல், உடலைத் திறந்து வைக்கிறது. ஜதீஸ்வரம், சப்தம் என்று மெல்ல ஏறி, நடுவில் வர்ணம் என்ற பெரிய உருப்படி வருகிறது. பிறகு பதம். கடைசியில் தில்லானா. சபையை எந்த இடத்தில் உழைக்கவைப்பது, எந்த இடத்தில் இளைப்பாறவிடுவது என்று அந்த நால்வருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பொருளை அறிமுகப்படுத்தும் விளம்பரத் திட்டம் போடுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விடயமும் இதுதான்.

இரண்டையும் சேர்த்தவர்கள் இதற்கு முன்பும் இருந்திருக்கிறார்கள். உதயசங்கர் 1920 இல் இலண்டன் றோயல் கலைக் கல்லூரிக்கு ஓவியம் படிக்கப் போனவர். அங்கிருந்த காலத்தில்தான் ருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். 1923 இல் அவரோடு சேர்ந்து மேடையேறினார். அதன் பிறகு அவரை உலகம் நடனக்காரராகவே அறிந்தது. ஆனால் ஓவியப் படிப்பு வீண் போகவில்லை. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948 இல் வெளியான அவருடைய 'கல்பனா' படத்தில் ஒளியையும் நிழலையும் உடல்களையும் அவர் அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஓவியக் கை தெரியும். 1936 இல் அடையாறில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியும் ஆட்டத்தோடு நிற்கவில்லை. மேடை அமைப்பு, உடை, நிறம் எல்லாவற்றையும் தன் கவனத்துக்குள் வைத்திருந்தார். கலாக்ஷேத்திராவில் நெசவுக்கும் இடம் கொடுத்தார். கலாக்ஷேத்திராச் சேலை என்று இன்றும் கடைகளில் கேட்டு வாங்குகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் எம்மவரில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒருவர். ரெமி சார்லிப் என்று பெயர். 1929 இல் நியூயோர்க்கின் புறூக்ளினில், புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கூப்பர் யூனியனில் ஓவியம் படித்தார். மேர்ஸ் கன்னிங்ஹாம் என்ற புகழ்பெற்ற நடன அமைப்பாளரின் குழுவில் தொடக்க கால நடனக்காரர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அதே குழுவுக்கு உடைகளும் வடிவமைத்தார், விளம்பரங்களும் செய்தார். சிறுவர்களுக்குப் படக்கதைப் புத்தகங்கள் செய்தார். 1964 இல் வந்த 'போர்ச்சுனேற்லி' அவற்றில் ஒன்று. வாசிகசாலைச் சிறுவர் பகுதியில் கேட்டுப் பாருங்கள். பிற்காலத்தில் 'விமானத் தபால் நடனங்கள்' என்று ஒன்று தொடங்கினார். தாளில் உடல் நிலைகளைச் சின்னச் சின்னப் படங்களாகக் கீறி, தூரத்தில் இருக்கும் நடனக்காரருக்குத் தபாலில் அனுப்பிவிடுவார். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எப்படிப் போவது என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்க வேண்டும். படம் கீறுகிற கையும் ஆடுகிற காலும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அவருக்கு இந்த யோசனை வந்திருக்க வேண்டும். 2012 இல் காலமானார்.

சரி, பெரியவர்களை விடுவோம். எங்கள் மண்டபங்களுக்கு வருவோம். அரங்கேற்ற மலர் ஒன்றைக் கையில் எடுங்கள். முதல் பத்துப் பக்கம் ஆசிச் செய்திகள். அடுத்த இருபது பக்கம் நகைக்கடை, வீடு விற்பனை முகவர், காப்புறுதி முகவர். நடனமாடும் பிள்ளையின் படத்தைவிட அடகு முகவரின் படம் பெரிதாக இருக்கும். நிகழ்ச்சி நிரலில் அலாரிப்பு, ஜதீஸ்வரம் என்று பெயரும் இராகமும் தாளமும் மட்டும். பிள்ளையின் கனடிய வகுப்பு ஆசிரியர் இரண்டாவது வரிசையில் இருந்து மூன்று மணி நேரம் புன்னகைத்துவிட்டுப் போவார். வர்ணத்தில் அந்தப் பெண் தோழியிடம் எதற்காக இவ்வளவு நேரம் முறையிட்டாள் என்று அவருக்குத் தெரியாது. நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி, கண்ணுக்கு இதமான எழுத்தில், சரியான இடத்தில் போட்டிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். அடுத்த முறை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டும் வந்திருப்பார். இதைச் செய்ய நடனமும் தெரிய வேண்டும், டிசைனும் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட ஆள் எங்களிடையே குறைவு. உங்கள் மகள் தன் அரங்கேற்ற மலரைத் தானே செய்யட்டும். அச்சகத்துக்குப் போகுமுன் எழுத்துகள் வெட்டு விளிம்புக்கு உள்ளே நிற்கின்றனவா, திரையில் தெரிந்த சிவப்பு தாளில் மங்கிவிடுகிறதா என்றெல்லாம் அப்போதே படித்துக்கொள்வாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு அதைவிட நல்ல மாதிரி வேறு வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி எழுத்துருவில் தட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். இப்போது ஒருங்குறி வந்துவிட்டது. ஆனாலும் டிசைன் நிரல்களில் தமிழைச் சரியான அமைப்புக்கு மாற்றாமல் கொட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத டிசைனருக்கு அது பிழை என்றே தெரியாது, அப்படியே அச்சுக்குப் போய்விடும். அரச அலுவலகங்கள், சுகாதாரப் பகுதியினர், வங்கிகள் தமிழில் வெளியிடும் அறிவித்தல்களில் இந்தக் கூத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். தமிழைப் பிழையின்றிக் கோர்க்கத் தெரிந்த டிசைனர் என்று பெயர் எடுத்தால் அதுவே ஒரு தனித் தொழில். வீட்டில் தமிழ் கதைப்பதற்கு இப்படியும் ஒரு வரும்படி உண்டு என்று தகப்பனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

இரண்டையும் சேர்ப்பதில் உள்ள கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது உடம்பு. டிசைன் வேலை என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம் கதிரையில். இடுப்பின் முன்பக்கத் தசைகள் சுருங்கி இறுகிவிடும். அந்த உடம்போடு ஆறு மணிக்கு நேரே போய் அரைமண்டியில் இருந்து தட்டினால் முழங்காலும் இடுப்பும் பழுதாகும். இருபது நிமிடமாவது உடலைச் சூடாக்கிய பின்தான் தட்ட வேண்டும். தளமும் முக்கியம். பேஸ்மன்ற் சீமெந்தின்மேல் ஒரு கம்பளத்தை விரித்து ஆடுவது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் கேடு. அப்பார்ட்மன்றில் என்றால் கீழ்வீட்டுக்காரர் தும்புக்கட்டையால் முகட்டில் இடிப்பார், அது வேறு. மரத்தளம் உள்ள சமூக நிலையத்தில் கிழமைக்கு இரண்டு நாள் இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

இரண்டாவது நேரம். அரங்கேற்றம் முடிந்த பிள்ளைகளில் பலர் அடுத்த வருடமே ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். வேலை வந்ததனால் விட்டார்கள் என்போம். உண்மையில் கிழமையில் எந்த நாள், எத்தனை மணி என்று யாரும் குறித்து வைக்காததனால்தான் விட்டுப் போகிறது. விளம்பரக் கொம்பனிகளில் வேலை சில கிழமைகள் இரவு பத்து மணிவரை இழுக்கும், பிறகு தணியும். ஆகவே தினமும் இரண்டு மணி நேரம் என்று திட்டம் போட்டால் உடையும். இரண்டு மாலைகள், சனி காலை என்று குறித்து, அதை வேலைக்குப் போகும் நேரத்தைப் போலக் கருத வேண்டும். வேலையில் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தையும் வாசிக்க வேண்டும். வெளியில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று சில கொம்பனிகள் போடுவதுண்டு. வார இறுதியில் நடனம் சொல்லிக்கொடுப்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரியப்படுத்திவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

மூன்றாவது எங்கள் ஆட்கள். "தங்கச்சி, இது சின்ன வேலைதானே, ஒரு பத்து நிமிசம்" என்று ஆண்டு விழா போஸ்ரர் கேட்பார்கள். பத்து நிமிடத்து வேலை பத்து நாள் இழுபடும். தலைவருடைய படத்தைப் பெரிதாக்கு, செயலாளருடைய பெயரை மேலே போடு என்று. ஆடுவதற்கும் அதே கதைதான். "மேடை தாறம், அதுவே பெரிய விசயம்" என்பார்கள். பாடசாலைப் பருவத்தில் பரவாயில்லை. ஒன்ராறியோவில் உயர்பாடசாலைச் சான்றிதழுக்கு 40 மணி நேரச் சமூக சேவை தேவை. பாடசாலை ஏற்றுக்கொண்டால் ஒரு பொது அமைப்புக்குச் செய்யும் போஸ்ரரும் அதில் சேரும். பிறகு விலை வேண்டும். இலவசமாகவே செய்து கொடுக்க விரும்பினாலும் பற்றுச்சீட்டு ஒன்று எழுதி, முழு விலையையும் போட்டு, கீழே "அன்பளிப்பு" என்று குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்டவருக்கும் வேலையின் பெறுமதி தெரியவேண்டுமே. தனியாகச் செய்யும் வேலைகளின் வருமானத்தை வரிக்குக் காட்ட வேண்டும். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் அது 30,000 டொலரைத் தாண்டினால் விற்பனை வரிக்கும் பதிய வேண்டும். இந்தக் கணக்கு வைப்பதற்குத் தகப்பனார் விரும்பும் கணக்கியலில் ஒரு பாடம் எடுத்தால் நல்லதுதான்.

இனிச் செலவு. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அரங்கேற்றச் செலவுக் கணக்கை எழுதியிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர் மூவர், ஆறு உடுப்பு, மண்டபம், 500 பேருக்குச் சாப்பாடு, மூன்று கமரா வீடியோ. தொகையை நான் இங்கே போடவில்லை. ஆனால் அந்தத் தொகையைச் சேர்க்கத்தான் தகப்பனார் இரவு வேலைக்கும் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனதில் பட்டதை நேரே சொல்கிறேன்: பாதியாக்குங்கள். ரொறன்ரோவிலேயே நல்ல மிருதங்கக்காரரும் பாடகரும் இருக்கிறார்கள். இரண்டு உடுப்புப் போதும். சாப்பாட்டைச் சிற்றுண்டியாக்கலாம். மிச்சத்தை அவளுடைய படிப்புக்கு வையுங்கள். அவளுக்கு ஒரு நல்ல கணினியும் டிசைன் நிரல்களுக்கான மாதக் கட்டணமும் தேவைப்படும். உறவினர் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். மூன்று கமரா வைத்தாலும் சொல்வார்கள்.

தகப்பனாரிடம் ஒரு விடயம் கேட்கச் சொல்லுங்கள், அதையும் மகளே கேட்கட்டும். "சதங்கையைக் கழட்டு" என்று சொல்வதற்குப் பதிலாக, முதல் வருட முடிவில் பாடங்களில் இன்ன புள்ளி, இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஒரு கோடை கால வேலை என்று நிபந்தனை போடட்டும். அவளும் ஒப்புக்கொள்ளட்டும். இரவு வேலை செய்து களைத்து வரும் மனிதருக்குக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டும், சகோதரி. "எனக்குப் பிடிச்சிருக்கு" என்ற பதில் அவருக்குப் போதாது.

விண்ணப்பங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிராபிக் டிசைனுக்குச் சமூகக் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா உண்டு. ஒகாட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம். பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி நடுப்பகுதிக்குள்ளும் கல்லூரிகளுக்குப் பெப்ரவரி 1 ஆம் திகதிக்குள்ளும் விண்ணப்பித்துவிட வேண்டும். மாதிரி வேலைகளை அனுப்பும் திகதி தனியாக வரும், அதைத் தவறவிடாதீர்கள். மாதிரி வேலைகளில் பத்து அழகான படங்களை வைப்பதைவிட ஒரே வேலையின் முதல் கிறுக்கல், இரண்டாவது முயற்சி, கடைசி வடிவம் என்று வைத்தால் எப்படி யோசிக்கிறாள் என்பது தெரியும். ஓசாப் எனப்படும் ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டத்துக்குக் குடியுரிமை பெற்றவர்கள், நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். வழக்கு இன்னும் முடியாதவர்களுக்கு அது கிடையாது. உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. அதை எழுதி அனுப்புங்கள். ஓசாப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த இதழில் அதையே எழுதுகிறேன்.